ரிப்போர்ட்டைப் பிறகு பார்ப்போம்: தடிப்பு, மூட்டு நோ, தோல் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அலர்ஜி, மூட்டு, தோல் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்வியைவிட ரிப்போர்ட் படங்கள்தான் அதிகம் வந்து சேர்ந்தன. படத்திலுள்ள எண்ணை மட்டும் பார்த்து வருத்தத்துக்குப் பெயர் வைக்க என்னால் முடியாது. எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, உடம்பில் எந்த இடம் என்று எழுதியவர்களுக்கே முதலில் பதில். இங்கே யாருக்கும் மருந்துத் துண்டு எழுதவில்லை. உங்கள் டொக்டருக்கு முன்னால் போய் இருக்கும்போது எதைச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் இது.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண், 34 வயது: இரண்டு மாதமாக உடம்பெல்லாம் தடிப்பு, ஒரே கடி (அரிப்பு). பின்னேரம் எழும்பும், விடியப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இறால், முட்டை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டேன். நூறு சாமானுக்கு அலர்ஜி பார்க்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறதாம். செய்யட்டுமா டொக்டர்?

பதில்: வேண்டாம். காசை வைத்திருங்கள், கத்தரிக்காயையும் திரும்பச் சாப்பிடுங்கள். சாப்பாட்டு அலர்ஜி என்றால் சில நிமிடத்தில், மிஞ்சினால் இரண்டு மணித்தியாலத்தில் காட்டிவிடும். அதே சாமானைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் காட்டும். (இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அடுத்த கேள்வியே அதுதான்.) ஆறு கிழமைக்கு மேல் அனேகமாகத் தினமும் எழும்பி அடங்கும் தடிப்புக்குச் சாப்பாடு காரணமாவது மிக அரிது. தோலிலுள்ள மாஸ்ட் கலங்கள், கடியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. பலரில் சொந்த நோயெதிர்ப்பே அவற்றைச் சீண்டிவிடுகிறது. நூறு சாமானுக்குப் பார்த்தால் நாலைந்து பொசிட்டிவ் வராமல் இராது. உடம்புக்கு அந்தச் சாமான் அறிமுகம் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அந்த நாலைந்தையும் நிறுத்தி, மெலிந்து, தடிப்போடேயே வந்து நிற்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

நீங்கள் செய்யவேண்டியது வேறு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் கோடு போடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் அந்த வட்டம் வெறுமையாகிவிட்டால் இது சாதாரண நாட்பட்ட தடிப்பு. அதையும் தாண்டி நின்று, கடியைவிட எரிவும் நோவும் கூடுதலாக, அடங்கியபின் கன்றிய அடையாளமும் விட்டுப்போனால் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அங்கே தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கவேண்டி வரும். மருந்தைப் பொறுத்தவரை, கடிக்கும்போது பிரிட்டன் என்ற அலர்ஜிக் குளிசை ஒன்றைப் போட்டுத் தூங்கி வழிவது வைத்தியமல்ல. தூக்கம் குறைவாகத் தரும் பெக்ஸோபெனடின், லொரடடின் போன்றவற்றை, தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் எடுக்கவேண்டும். போதாவிட்டால் அளவைக் கூட்டவும் இடமுண்டு, அதை டொக்டர் தீர்மானிக்கட்டும். இடையில் நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி விழப்பார்த்தால் எதையும் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, பிரிட்டன் அல்ல.

கொட்டாஞ்சேனை, 50 வயது ஆண்: இரவு எட்டு மணிக்கு மாட்டிறைச்சி சாப்பிட்டேன். ஒரு மணிக்கு உள்ளங்கை கடித்து எழும்பினேன், உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுக் குத்து. போன வருடமும் இப்படி ஒரு தடவை. கோழி, மீன் ஒன்றும் செய்வதில்லை. நெடுகச் சாப்பிட்ட இறைச்சிதானே?

பதில்: நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். ஒன்று கேட்கிறேன்: உண்ணி கடித்த ஞாபகம் உண்டா? காட்டுப் பக்கம் போனபோதோ, நாய், மாட்டோடு புழங்கும்போதோ? சில வகை உண்ணி கடித்தால், மனிதனிலும் ஆசிய, ஆபிரிக்கக் குரங்குகளிலும் இல்லாத, மற்றப் பாலூட்டிகளின் இறைச்சியிலுள்ள அல்பா-கால் என்ற சர்க்கரைக்கு எதிராக உடம்பு ஐ.ஜி.இ. என்ற அலர்ஜி அன்டிபொடியை உண்டாக்கிக்கொள்ளும். அதன்பிறகு மாடு, ஆடு, பன்றி சாப்பிட்டால் மூன்று முதல் ஆறு மணித்தியாலம் கழித்து அலர்ஜி எழும்பும். கோழியிலும் மீனிலும் அந்தச் சர்க்கரை இல்லை. இது பிடிபட்ட விதமும் சுவாரசியம். செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் முதல் ஊசியிலேயே அமெரிக்காவின் தென்கிழக்கில் பலருக்குக் கடும் அலர்ஜி வந்தது. காரணம் அந்த மருந்திலுள்ள இதே சர்க்கரை என்று 2008இல் எழுதினார்கள். உண்ணிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அதற்குப் பிறகுதான் தெளிவானது. இலங்கையிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். அல்பா-கால் ஐ.ஜி.இ. என்று பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு பரிசோதனைக்குக் காசு செலவழிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதுவரை நாலுகால் இறைச்சி வேண்டாம்.

மட்டக்குளி: சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் வீட்டில் நாலு பேருக்கும் முகம் சிவந்து, தலையிடி, நெஞ்சு படபடப்பு. எல்லோருக்கும் ஒரே நாளில் மீன் அலர்ஜி வருமா?

பதில்: வராது. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மீன் ஐசில் ஒழுங்காக இருக்கவில்லை. பக்டீரியா அதன் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிட்டது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. வேறு நாள் நல்ல மீன் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளைகளின் கிளினிக் கொப்பியில் ‘மீன் அலர்ஜி’ என்று எழுத விடாதீர்கள்.

தெஹிவளை, 42 வயதுப் பெண்: காய்ச்சல் வந்து போய் இரண்டரை மாதம். இரண்டு கை விரலும் கணுக்காலும் விடியவில் மரக்கட்டை மாதிரி. ஆர்.எப். (வாதத்துக்குப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்பதால் வாதம் இல்லை என்று பாமசிக்காரர் சொல்கிறார்.

பதில்: பாமசிக்காரரை விடுங்கள். ருமட்டொயிட் (சொந்த நோயெதிர்ப்பே மூட்டைத் தாக்கும் வாதம்) உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆர்.எப். நெகட்டிவாகவே இருக்கும். விடியவில் விறைப்பு எவ்வளவு நேரம் என்பதுதான் எனக்கு வேண்டியது. பத்து நிமிடத்தில் இளகினால் தேய்மானம் பக்கம் யோசிப்பேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால், தேங்காய் துருவவோ போத்தல் மூடி திறக்கவோ முடியாவிட்டால், அது அழற்சி. விரல் முளிகளிலும் நடுக்கணுவிலும் மெத்தென்ற வீக்கமா, நகத்துக்குப் பக்கத்துக் கணுவிலா என்று பாருங்கள். ருமட்டொயிட் பெரும்பாலும் நகத்துக்கணுவை விட்டுவைக்கும். அந்தக் கணுவும் வீங்கி, நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகளும் இருந்தால், தலையில் செதில் இருக்கிறதா என்று தேடவேண்டும். சொரியாசிஸ் என்ற செதில் விடும் தோல் வருத்தத்தோடு வரும் மூட்டு அழற்சி அங்கே ஒளிந்திருக்கும்.

உங்கள் கதையில் முன்னால் ஒரு காய்ச்சல் நிற்கிறது. சிக்குன்குன்யா 2006இல் இங்கே பெரிதாகப் பரவியது, 2025இல் கொழும்புக்குத் திரும்பியும் வந்தது. அதன்பின் வரும் மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும், அச்சொட்டாக ருமட்டொயிட் போலவே நடிக்கும். ஆகவே ருமட்டொயிட்டுக்கான இன்னொரு இரத்தப் பரிசோதனையான அன்டி-சி.சி.பி. பார்க்கவேண்டும், சிக்குன்குன்யா அன்டிபொடியும் பார்க்கலாம். ஆறு கிழமையைத் தாண்டிய வீக்கத்தை மூட்டு வாத டொக்டர் (ருமட்டொலொஜிஸ்ட்) ஒருவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். தானாகப் போகும் என்று காத்திருந்தால், ருமட்டொயிட்டாக இருக்கும் பட்சத்தில் எலும்பு அரிபடும். ருமட்டொயிட்டுக்கு மெதொட்ரெக்ஸேட் தந்தால் அது கிழமைக்கு ஒருநாள் மருந்து. தினமும் போட்டால் உயிராபத்து. குளிசைப் பெட்டியில் நாளின் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும்: கொழும்பில் காய்ச்சலும் மூட்டு நோவும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் மட்டும். டைக்ளோபெனக், புரூபன் போன்ற நோ மருந்துகள் வேண்டாம்.

பம்பலப்பிட்டி, பல்கலைக்கழக மாணவி: ஏ.என்.ஏ. 1:80 பொசிட்டிவ். எனக்கு லூபஸா?

பதில்: இந்த ஒரு வரியை வைத்து இல்லை. லூபஸ் என்பது சொந்த நோயெதிர்ப்பே உடம்பைத் தாக்கும் வருத்தம், ஏ.என்.ஏ. அதைத் தேடும் ஒரு இரத்தப் பரிசோதனை. சுகதேகிகளிலேயே நூற்றுக்குப் பத்துப் பதின்மூன்று பேருக்கு இந்த அளவில் வரும். வெயில் பட்டால் கன்னம் சிவக்கிறதா (மூக்கோர மடிப்பை விட்டுவிட்டு)? வாயில் புண்? மூட்டு வீக்கம்? சலம் (சிறுநீர்) நுரைக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் சலத்தில் புரதம் பார்த்துவிட்டுப் படிப்பைக் கவனியுங்கள்.

மருதானை: தொடையில் வட்டமாகப் படை. பாமசியில் தந்த கிரீம் பூசினால் கடி நிற்கிறது, விட்டால் இரண்டு மடங்காகிறது.

பதில்: அந்த கிரீமில் க்ளொபெட்டசோலோ பெட்டமெதசோனோ இருக்கும், பெட்டியைப் பாருங்கள். ஸ்டெரொயிட் கடியை அடக்கும், பூஞ்சைக்கோ சோறு போடும். வட்டத்தின் ஓரம் அழிந்து, படர்தாமரை என்று அடையாளமே தெரியாத கோலத்தில் வருவார்கள். கிரீமை நிறுத்துங்கள். ஓரத்தைச் சுரண்டிப் பூஞ்சை பார்த்தபின் மருந்து. துவாயைப் பகிராதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

மோதரை, ஒரு தந்தை: மகனின் முழங்கைக்கு மேலே தேமல் போல வெளிறிய ஒரு இடம். கடி இல்லை, நோ இல்லை.

பதில்: கடி இல்லாததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. மகனைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் தொடுங்கள். எங்கே தொட்டீர்கள் என்று விரலால் காட்டட்டும். இரண்டிலும் சரியாகக் காட்டினால் பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வெளிறலாக இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் தவறினால் தொழுநோய் கிளினிக்குக்கு. சரியாகக் காட்டினாலும் தோல் டொக்டர் ஒருதடவை பார்க்கட்டும். 1995இல் தேசிய மட்டத்தில் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிவித்ததால் வருத்தமே இல்லாமல் போனது என்று நினைக்கிறோம். இன்றைக்கும் பிள்ளைகளில்கூடப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். தொடங்கிச் சில நாளிலேயே மற்றவருக்குத் தொற்றும் பயம் போய்விடும். சொந்தக்காரருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிராண்ட்பாஸ்: அம்மாவுக்கு உதடு திடீரென்று வீங்குகிறது, தடிப்பு இல்லை. பிரஷருக்கு எனலப்ரில் எடுக்கிறா, பல வருடமாக.

பதில்: பல வருடம் எடுத்த பிறகும் அந்த மருந்தால் வரலாம். இன்றைக்கே டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். நாக்கு வீங்கினால் நேரே ஆஸ்பத்திரி.

நாரஹேன்பிட்ட: யூரிக் அசிட் 7.4. நோ ஒன்றும் இல்லை. பருப்பை நிறுத்தவா?

பதில்: பருப்பு பாவம், அதை விடுங்கள். நோ வராதவருக்கு எண்ணுக்காக மட்டும் மருந்து தேவையில்லை. பெருவிரல் மூட்டு இரவோடிரவாகச் சிவந்து, போர்வை பட்டாலும் உயிர் போகிறது என்றால் வாருங்கள். அன்றைக்கு யூரிக் அசிட் சாதாரணமாக இருந்தாலும் கவுட் (யூரிக் அசிட்டால் வரும் மூட்டு நோ) இல்லை என்று சொல்லமாட்டேன். குறைப்பதென்றால் பியரையும் ஈரலையும் குறையுங்கள்.