டெக்சாஸ் கோடைத் திருவிழாக்களில் எதற்குப் போகலாம்?

ஜூன் நடுவில் ஹூஸ்டன் வந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை தங்கப்போவதாகவும், பெற்றோரும் எட்டு வயது மகனும் உடன் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாசாவும் கடற்கரையும் போக, உள்ளூர் மக்கள் கூடுகிற விழாக்கள் உண்டா என்பது உங்கள் கேள்வி. ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லண்டில், மீனாட்சி கோயிலுக்கு அருகில், பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் குறைந்தது மூன்று ஊர்களுக்காவது காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோடை விழா என்று இணையத்தில் தேடினால் பெருநகரங்களின் இசை நிகழ்ச்சிகள்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றை விட்டுவிடுங்கள். சின்ன ஊர்களுக்குப் போங்கள். டெக்சாஸின் சின்ன ஊர் ஒவ்வொன்றும் தான் எதை வைத்துப் பிழைக்கிறதோ அதற்கே விழா எடுக்கிறது. ஓரிடத்தில் தர்பூசணி, ஓரிடத்தில் பீச் பழம், இன்னோரிடத்தில் மாடு. 38 டிகிரி வெயிலில் எதற்காக விழா எடுக்கிறார்கள் என்று முதல் ஆண்டு எனக்குப் புரியவில்லை. பழம் அப்போதுதானே பழுக்கிறது! பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை.

ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், அது ஜூன் 19 ஆக இருக்கட்டும். இடம் கால்வெஸ்டன் தீவு. ஹூஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.

லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று வெளியானது. டெக்சாஸில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அந்தக் காகிதத்தால் அவர்களுக்கு எதுவும் மாறவில்லை, ஏனென்றால் அதை இங்கே நடைமுறைப்படுத்தப் படை இல்லை. வடக்கு, தெற்கு மாநிலங்களிடையே நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து, 1865 ஜூன் 19 அன்று வடக்குப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் பொது ஆணை எண் 3 என்பதை வெளியிட்ட பிறகுதான் இங்கே விடுதலை வந்தது. இரண்டரை ஆண்டு தாமதம். அந்த நாளைத்தான் ஜூன்டீன்த் என்கிறார்கள். டெக்சாஸ் மாநில அரசு 1980 முதல் விடுமுறை அளித்துவருகிறது. நாடு முழுவதற்கும் அது விடுமுறை ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபோர்ட் வொர்த்தைச் சேர்ந்த ஓப்பல் லீ என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, 89 வயதில், 2016-ஆம் ஆண்டில், இந்தக் கோரிக்கைக்காக வாஷிங்டனை நோக்கி நடைபயணம் தொடங்கினார். போகிற ஊர்களில் இரண்டரை மைல் நடப்பார், தாமதமான இரண்டரை ஆண்டுகளின் நினைவாக.

கால்வெஸ்டனில் அந்த ஆணையை ஒவ்வோர் ஆண்டும் மக்கள் முன்னால் வாசிக்கிறார்கள். என் மகளை அழைத்துக்கொண்டு போன ஆண்டில் அதை நின்று கேட்டேன். சில வாக்கியங்கள்தான். "முழுமையான சமத்துவம்" என்ற சொல் அதில் வருகிறது. அதே ஆணை, விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருவதைக் காதால் கேட்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. "விடுதலை என்றால் ஏன் அங்கேயே இருக்கச் சொன்னார்கள்?" என்று மகள் கேட்டாள். வீடு வந்து சேரும் வரை அதைப் பற்றித்தான் பேசினோம்.

கிரேஞ்சரின் அலுவலகம் இருந்த கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் 5,000 சதுர அடிக்கு ஒரு பெரிய ஓவியம் தீட்டியிருக்கிறார்கள், அதைப் பாருங்கள். நீதிமன்றத்திலிருந்து ரீடி சேப்பல் என்ற பழைய கறுப்பினத் தேவாலயம் வரை ஊர்வலமும் நடக்கும். இது வேடிக்கை பார்க்கிற விழா இல்லை. அவர்கள் வீட்டு நாள். ஓரமாக நின்று கேளுங்கள், அழைத்தால் அவர்களோடு சேர்ந்து நடங்கள். என்னை அழைத்தார்கள், நடந்தேன்.

தீவுக்குப் போக முடியாவிட்டால் ஹூஸ்டனுக்குள்ளேயே மூன்றாம் வார்டில் விடுதலைப் பூங்கா இருக்கிறது. ஜூன்டீன்த்தைக் கொண்டாடச் சொந்த இடம் வேண்டும் என்று, அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்து ஏழே ஆண்டான மக்கள், பாதிரியார் ஜாக் யேட்ஸ் போன்றோர் முன்னின்று பணம் திரட்ட, 1872-இல் பத்து ஏக்கர் வாங்கினார்கள். பெரும்பாலும் படிக்கக்கூட அனுமதிக்கப்படாத மக்கள் முதல் காசில் வாங்கியவற்றுள் ஒரு திருவிழாத் திடலும் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அங்கே சிவப்புச் சோடா, தர்பூசணி என்று சிவந்த பண்டங்களாகவே கொடுப்பார்கள். சிந்திய ரத்தத்தின் நினைவு என்று பலர் சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நம் புளிச்சைக்கீரை இனச் செடியின் சிவந்த பூப்பகுதியைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கத்தின் தொடர்ச்சி என்றும் சொல்வதுண்டு.

அடுத்தது உங்கள் மகனுக்கு. ஜூன் கடைசி வாரம், லூலிங். ஹூஸ்டனுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே, ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். தண்ணீர்த் தொட்டியைத் தர்பூசணி போலவே வண்ணம் பூசி வைத்திருப்பதால் ஊர் வந்துவிட்டது என்பது தொலைவிலேயே தெரியும். 1922-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட ஊர் என்பதால் தெருவோரத்திலேயே எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கும் விதவிதமான பொம்மை வடிவங்கள் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தர்பூசணித் துண்டைக் கடிக்கும் பொம்மை. பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள்.

1954 முதல் நடக்கும் இந்த விழாவின் பெயர் 'வாட்டர்மெலன் தம்ப்'. நம் வீட்டுப் பெரியவர்கள் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அதுபோலப் பழத்தைத் தட்டி, பழுத்திருக்கிறதா என்று ஓசையில் கண்டுபிடிப்பதுதான் 'தம்ப்'. அம்மாவை அழைத்துப் போனபோது, பழம் விற்ற விவசாயியின் முன்னால் அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்து ஒன்றை எடுத்தார். அந்த விவசாயி தானும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது.

ஊர்வலம் உண்டு, அந்த ஆண்டின் பெரிய பழத்துக்கு ஏலம் உண்டு, பழம் தின்னும் போட்டி உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், தர்பூசணி விதையை யார் தொலைவாகத் துப்புவது என்ற போட்டி. 1989-இல் லீ வீலிஸ் என்பவர் இங்கே 68 அடி 9 அங்குலத்துக்கும் சற்று அதிகமாகத் துப்பிக் கின்னஸ் பதிவில் ஏறினார். 1995-இல் டி லியோன் என்ற வேறொரு டெக்சாஸ் ஊரில் ஜேசன் ஷயாட் 75 அடி 2 அங்குலத்துக்குத் துப்பி அதை முந்தினார். லூலிங்கில் இன்னும் 68 அடிக் கணக்கைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். சிறுவர்களும் துப்பலாம். மகனுக்கு வீட்டுக் கொல்லையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்து அழைத்துப் போங்கள்.

லூலிங்கில்தான் வெயிலின் பாடத்தையும் கற்றேன். ஊர்வலத்துக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிழலில்லாத இடத்தில் அம்மாவை நிறுத்திவைத்துவிட்டேன். முகம் வெளுத்து, கை நடுங்கி, அப்படியே என் தோளில் சாய்ந்தார். பக்கத்தில் துணிப்பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எதுவும் கேட்காமல் நாற்காலியைக் காலி செய்தது. அந்த வீட்டுப் பாட்டி ஐஸ்பெட்டியிலிருந்து நனைந்த துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். "மெதுவாகக் குடியுங்கள், மேம்" என்று ஒரு கோப்பையை நீட்டினார். வெள்ளரிக்காய் ஊறுகாயின் உப்புநீர். வேர்த்துக் களைத்தவர்களுக்கு இங்கே அதைத்தான் தருகிறார்கள், நாம் உப்புப் போட்ட மோர் தருவதுபோல. கால் மணி நேரத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர்வலம் முடியும் வரை அந்தப் பந்தலில்தான் இருந்தோம். அது முதல் பந்தலும் இரண்டு மடக்கு நாற்காலிகளும் ஐஸ்பெட்டியும் எங்கள் காரை விட்டு இறங்குவதில்லை. உங்கள் பெற்றோரை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். காலை ஊர்வலத்தைப் பாருங்கள், நடுப்பகலில் குளிர்ந்த அறைக்குத் திரும்பிவிடுங்கள், மாலை ஆறுக்கு மேல் மறுபடி வாருங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு ஹூஸ்டனின் வாணவேடிக்கையை எல்லோரும் சொல்வார்கள். நான் ரவுண்ட் டாப்பைச் சொல்வேன். நூறு பேர்கூட இல்லாத ஊர். 1851 முதல் இந்த நாளைக் கொண்டாடிவருவதாக ஊரார் சொல்கிறார்கள். பீரங்கி முழங்கும், பழைய டிராக்டர்களும் குதிரைகளும் சதுக்கத்தைச் சுற்றி வரும், பிறகு ஊர் மண்டபத்தில் சாப்பாடு. அவ்வளவுதான், அதுவே போதும்.

பீச் பழத்துக்கு ஸ்டோன்வால். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சன் பிறந்த ஊர். விழா ஜூன் நடுவிலேயே வந்துவிடுவதால் உங்களுக்குத் தவறலாம். கவலை வேண்டாம், 290-ஆம் நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஜூலை முடியும் வரை பழம் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும்: பீச் மரம் குளிர்காலத்தில் ஏழு டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் இருந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். குளிர் குறைந்த ஆண்டில் காய்ப்பு குறையும். ஆகவே அந்தக் கடைகளில் விலையைப் பற்றி வாதாடாதீர்கள்.

ஜூலை கடைசி வாரம் க்ளூட். நாங்கள் இருக்கும் அதே பிரசோரியா மாவட்டம்தான், வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே கொசுவுக்குத் திருவிழா! கடலோரச் சதுப்பு நிலம், கொசுத் தொல்லை தீராத ஊர். 1981-இல் அந்தத் தொல்லையையே விழாவாக்கிவிட்டார்கள். கௌபாய் தொப்பியும் பூட்ஸும் அணிந்த, இரண்டு மாடி உயரத்துக்குக் காற்றடைத்த கொசுப் பொம்மை நடுவில் நிற்கும். கொசுவைக் கூப்பிடும் குரல் போட்டியும், யாருடைய கால் கொசுக்கால் போல ஒல்லியாக இருக்கிறது என்ற போட்டியும் நடக்கும். உங்கள் மகன் வாழ்நாள் முழுவதும் பேசுவான். விரட்டும் மருந்தை மறக்காமல் பூசிக்கொண்டு போங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஒரு குறிப்பு. சுட்ட சோளம், எலுமிச்சைச் சாறு, பழங்கள் எங்கும் கிடைக்கும். பீன்ஸை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். இங்கே அதைப் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்துத்தான் வேகவைக்கிறார்கள். கேட்டால் தயங்காமல் உண்மையைச் சொல்வார்கள். நாங்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவோம். இரண்டு முறை பக்கத்துப் பந்தல்காரர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக டால்ஹார்ட். சொல்லவே தயங்குகிறேன், ஏனென்றால் ஹூஸ்டனிலிருந்து 600 மைலுக்கும் மேல், மாநிலத்தின் வடமேற்கு மூலை. ஆஸ்டினில் நிற்கும் சிவந்த கருங்கல் சட்டமன்றக் கட்டடத்துக்குக் கூலியாக டெக்சாஸ் அரசு பணம் கொடுக்கவில்லை, 30 லட்சம் ஏக்கர் நிலம் கொடுத்தது. அந்த நிலம்தான் எக்ஸ்.ஐ.டி. என்ற மாபெரும் மாட்டுப் பண்ணை ஆயிற்று. பண்ணை கலைந்த பிறகு அதில் வேலை பார்த்த மாட்டிடையர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடத் தொடங்கினார்கள். அதுதான் இன்று ஆகஸ்ட் முதல் வார இறுதியில் நடக்கும் ரோடியோ, அதாவது குதிரையேற்றமும் மாடு அடக்குவதுமான இடையர் விளையாட்டு விழா. குழி வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சியை ஊருக்கே இலவசமாகப் பரிமாறுகிறார்கள். பழைய இடையர்கள் இப்போது ஒருவரும் இல்லை. அவர்கள் நினைவாக, யாரும் ஏறாத சேணத்துடன் ஒரு குதிரையை அரங்குக்குள் நடத்திக்கொண்டு வருவார்கள். ஆயிரக்கணக்கானோர் இருந்த அந்த இடத்தில் குளம்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

உங்கள் திரும்பும் டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று எழுதவில்லையே. ஆகஸ்ட் முதல் ஞாயிறுக்குப் பிறகு என்றால் சொல்லுங்கள், வழியில் எங்கே தங்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அதற்கு முன்பு என்றால் க்ளூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.