வெப்ராளமும் நிச்சயமற்ற நாட்களும்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘வெப்ராளம்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகின்றன. மருத்துவ நூல்கள் பதற்றம் என்று குறிப்பதை நம் குமரி மாவட்டத்தார் இப்படித்தான் சொல்வார்கள். நெஞ்சுப் படபடப்பு, கைகால் ஓடாத தவிப்பு, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமை ஆகிய மூன்றையும் அந்த ஒரு சொல் சேர்த்துச் சொல்லிவிடுவதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன். வந்த வரிசையை விட்டு ஒரு கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கடனை எப்படி அடைப்பது என்று தெரியவில்லை. காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று சில நாட்களாகத் தோன்றுகிறது.
(பெயரும் ஊரும் வெளியிடவில்லை)

இதைப் படித்தவுடன் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் உதவி எண். இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எனக்கு எழுதியதை இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆபத்தான பொருட்களை உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கும் பொறுப்பை அவர் ஏற்கட்டும். நாளைக் காலை அவரையும் கூட்டிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் எழுதியிருப்பது கடன் கவலையைத் தாண்டிய மனச்சோர்வின் அறிகுறி. அதற்குச் சிகிச்சை உண்டு. அது குணமாகக் கூடியது. கடனுக்கு வழி தேடுவது அதற்கு அடுத்த வேலை.

கணவர் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் இருபது நாளாகிறது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே வெப்ராளம் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போனில் புயல் செய்தி தேடுகிறேன். இது நோயா?
(வாசகி, சின்னத்துறை)

நோய் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, எச்சரிக்கை கரைக்கு வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்காக உங்கள் கரையில் எத்தனை வீடுகள் நாள்கணக்கில் காத்திருந்தன என்பதை அறிந்த எவரும், காற்றுச் சத்தத்துக்கு உங்கள் உடல் திடுக்கிடுவதைக் காரணமற்ற பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பார்க்கும் செய்தி படகுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. உங்கள் உறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பாருங்கள், அது போதும். யாரோ அனுப்பிய குரல் பதிவையும் பழைய புயலின் வீடியோவையும் திறக்கவே வேண்டாம். இரவில் போனை அடுக்களையில் வைத்துவிட்டுப் படுங்கள். புயல் எச்சரிக்கை உண்மையிலேயே வந்துவிட்டால் ஊரில் உங்களை எழுப்பாமல் விடமாட்டார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது தொலைகடலிலிருந்து வரும் பேரலைகள் திடீரென்று கரையில் ஏறும் என்ற எச்சரிக்கை, பெரும்பாலும் கரைக்கும் கரையோர வள்ளங்களுக்கும் உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆழ்கடலில் இருக்கும் விசைப்படகை நினைத்து அதற்காக நடுங்க வேண்டியதில்லை. அன்றைய காட்சிகள் கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, கடற்கரைப் பக்கமே போக முடியாத நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, அப்போது சிகிச்சை தேவை. அதுவரை கடையில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம்.

கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) படபடப்பைக் கூட்டுமா?
(மார்த்தாண்டம்)

கூட்டும், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு குடிக்காதீர்கள்.

வளைகுடாவில் வேலை. விடுப்பில் வந்திருக்கிறேன், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியவில்லை. திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. மூன்று மருத்துவமனைகளில் ஈசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை என்கிறார்கள்.
(கருங்கல்)

வயதை எழுதவில்லை, தைராய்டு பார்த்தார்களா என்றும் எழுதவில்லை. இவை இல்லாமல் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது என்று எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் இப்படியே வருகின்றன. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் பீதித் தாக்குதல். பத்து நிமிடத்தில் அது உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தணியும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரலும் உதடும் மரத்து, தலை சுற்றுகிறது. ஆகவே இன்னும் வேகமாக மூச்சை இழுக்காமல், நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். நான்காவது ஈசிஜிக்கு ஓட வேண்டாம், தைராய்டு பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வரும் வலி, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை வேறு வகை. அவற்றை வெப்ராளம் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

என் அம்மாவுக்கு 68 வயது. மகன்கள் வெளிநாட்டில் இருக்கும் கவலையில் தூக்கம் இல்லை. மூன்று ஆண்டுகளாக இரவில் அரை மாத்திரை போடுகிறார், அருமையாகத் தூங்குகிறார். இப்போது எனக்கும் கவலை அதிகம் என்பதால் அதிலேயே பாதியைத் தருகிறார். தொடரலாமா?
(வாசகி, தக்கலை)

தொடரக் கூடாது. நீங்கள் இன்றோடு நிறுத்துங்கள், அம்மா மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் அறைக்கு வருகிறவர்களிடம், இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், பர்ஸிலிருந்து எட்டாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசையில் விரிப்பார்கள். மடிப்புகள் கிழிந்திருக்கும், எழுத்து மங்கியிருக்கும், தேதி மூன்று ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும். அதில் மருத்துவர் எழுதியது பத்து நாளுக்கு மட்டும் என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். அந்தச் சீட்டைக் காட்டியே மாதாமாதம் வாங்கியிருப்பார்கள். சீட்டுக்குள் ஒரு பொடி டப்பா, அதற்குள் நகத்தால் இரண்டாக உடைத்த மாத்திரைகள், அக்காவுக்குக் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம். இப்படிக் கைமாறும் மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து. அது 2014 முதல் எச்1 பட்டியலில், அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், உள்ளது. விற்பவர் சீட்டைப் பார்த்து, மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். அது வீட்டுக்கு வீடு மிட்டாய்போலப் பங்கிடப்படுவதைக் காணும்போது எனக்கு வரும் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

இந்த வகை மருந்துகள் கெட்டவை அல்ல. கடுமையான நெருக்கடியில், சில நாட்களுக்கு, நானும் எழுதுகிறேன். மூன்று நான்கு வாரங்களைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உடல் அதற்குப் பழகிவிடும், அரை மாத்திரை ஒன்றாகும், ஒரு நாள் தவறினால் முன்னைவிடப் பெரிதாக வெப்ராளம் வரும். அதைப் பார்த்து, நோய் இன்னும் போகவில்லை என்று தொடர்ந்து சாப்பிடுவார்கள். வயதானவர்களுக்கு மறதி கூடும், இரவில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறியும். பல நாள் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஆகவே அம்மாவை மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்; அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பல வாரங்களில், சிலருக்கு மாதங்களில், நிறுத்துவார்கள். நீண்ட நாள் பதற்றத்துக்கு நாங்கள் தரும் மருந்துகள் வேறு. அவை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பழக்கம் பிடிக்காது. மறுபடியும் சொல்கிறேன்: பிறர் மாத்திரையைச் சாப்பிட வேண்டாம், பழகிய மாத்திரையைத் திடீரென்று விடவும் வேண்டாம்.

பயமாக இருக்கிறது. மருந்து எழுதவும்.
(நாகர்கோவில்)

என்ன பயம், எத்தனை நாளாக, உறக்கமும் உணவும் எப்படி என்று ஒரு வரியும் இல்லாத கடிதத்துக்கு எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். நேரில் வாருங்கள்.

மழை ஓயாததால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை இல்லை. எப்போது வேலை தொடங்கும் என்ற கவலையில் கணவர் தினமும் குடிக்கிறார். குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்கிறார்.
(குலசேகரம்)

அந்த நடுக்கம் கவலையால் வருவதல்ல, மது உடலை விட்டு இறங்கும்போது வருவது. மது இரண்டு மூன்று மணி நேரம் மனத்தை அமர்த்தும், பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்து, விடியலில் இரட்டிப்புப் பதற்றத்தோடு எழுப்பும். ஆனால் நடுக்கம் வரும் அளவுக்குப் பழகியவரை வீட்டில் அடைத்து வைத்து ஒரேயடியாக நிறுத்தச் செய்யாதீர்கள். முதல் மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே பாதுகாப்பு.

மகள் டிஎன்பிஎஸ்சி எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். நாள் முழுவதும் அதே பேச்சு. தைரியத்துக்கு மாத்திரை உண்டா?
(தாய், திங்கள்சந்தை)

இல்லை. கவலைப்படாதே என்று சொல்வதையும் நிறுத்துங்கள், அது நடப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் அவள் மனத்தில் வருவதையெல்லாம் எழுதட்டும். தான் செய்யக்கூடியது எது, காத்திருக்க வேண்டியது எது என்று அவளே பிரித்துப் பார்க்கட்டும். பகலில் அந்த நினைப்பு வந்தால், ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாரம் தவறாமல் செய்தால் வேறுபாடு தெரியத் தொடங்கும். அந்த இருபது நிமிடமும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.