"எல்லாருக்கும் முன்னமே தெரிகிறது, எனக்கு இது வராது" என்று கணினித் துறையை விட்டுப் போக நினைக்கும் பெண்ணை எப்படி ஊக்குவிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: உங்கள் அக்கா மகள் விரும்பித்தான் கணினி அறிவியல் எடுத்தாள். முதல் பருவம் முடிவதற்குள், வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் பள்ளியிலேயே கோடிங் செய்தவர்கள், தனக்கு இது வராது என்று துறை மாறப் பார்க்கிறாள். அவளைப் போன்ற பெண்களுக்கு எப்படி ஊக்கம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல ஆண்டுகளாக மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். இப்போது ஒரு டீமை நடத்துகிறேன், புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ செய்கிறேன். "உன்னால் முடியும்" என்று அவளிடம் எத்தனை முறை சொன்னாலும் அது அவள் மனதில் இறங்காது. ஏனென்றால் அவள் தினமும் கண்ணால் பார்ப்பது வேறு. பக்கத்தில் இருப்பவன் அரை மணியில் முடிக்கிற பயிற்சிக்கு அவள் இரவெல்லாம் உட்கார வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துத் தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டுகிறாள். ஆனால் அவன் பல வருடம் முன்பே தொடங்கியவன். அவள் பார்ப்பது அவனுடைய பழக்கத்தை. அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறாள். நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியல் சேர்ந்தவர்களில் பெண்கள் வெறும் 7 சதவீதம். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இருவர் அங்கே படித்த மாணவ மாணவியரிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தார்கள். விட்டுப் போன பெண்கள் பலர் ஆர்வம் போய்விட்டது என்றார்கள். ஆனால் அவர்கள் முன்பு சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, முதலில் போனது தன்னம்பிக்கை, ஆர்வம் அதற்குப் பின்னால்தான் போனது என்று தெரிந்தது. ஆண் மாணவர்களில் நிறையப் பேர் சின்ன வயதிலிருந்தே கணினியைக் குடைந்துகொண்டு வளர்ந்தவர்கள். அப்புறம் பல்கலைக்கழகம் சேர்க்கையின்போது புரோகிராமிங் முன் அனுபவத்துக்குக் கொடுத்துவந்த முக்கியத்துவத்தைக் குறைத்தது. முதலாமாண்டில் அவரவர் அனுபவத்துக்கு ஏற்ற வகுப்பில் தொடங்கவும் வழி செய்தது. 2000-இல் சேர்ந்தவர்களில் பெண்கள் 42 சதவீதம்.

அமெரிக்காவிலேயே உள்ள ஹார்வி மட் கல்லூரியிலும் இதே மாதிரி நடந்தது. 2006-இல் மரியா கிளாவே அங்கே தலைவராக வந்தார். அறிமுக வகுப்பை, முன்பே கோடிங் தெரிந்தவர்களுக்கு ஒன்று, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். ஜாவா என்ற புரோகிராமிங் மொழிக்குப் பதில், புதியவர்களுக்கு எளிதான பைத்தான் மொழியில் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சின்ன ஏற்பாடு. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லி மற்றவர்களை மிரள வைக்கும் மாணவனை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, உன்னோடு பேச எனக்கும் ஆசைதான், அதை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்வோம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுவார். கணினி அறிவியலில் பெண்களின் பங்கு 10 சதவீத அளவிலிருந்து சில ஆண்டுகளில் 40 சதவீதத்தை எட்டியது. இரண்டு இடங்களிலும் பெண்கள் அப்படியேதான் இருந்தார்கள். மாறியது கல்லூரி.

பெண்களுக்கு இயல்பிலேயே இதில் நாட்டம் குறைவு என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், அதற்கும் பதில் இருக்கிறது. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அப்போது புரோகிராமிங் மொழி கிடையாது, கையேடு கிடையாது. இயந்திரத்தின் வரைபடங்களைப் படித்து, அது எப்படி வேலை செய்கிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். முன் அனுபவம் யாருக்குமே இருக்க முடியாத காலம் அது. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கப் பெண், நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலரின் முன்னோடியை எழுதினார். அமெரிக்காவில் 1980-களின் நடுவில் கணினி அறிவியலில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பெண்கள். அதன்பின் அது சரிந்து 2010 வாக்கில் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் கணினித் துறையில் மட்டும் இறங்கினார்கள். வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கி, அவை பையன்களுக்கான பொருளாக விளம்பரமான சமயம் அது. மகனின் அறைக்குக் கணினி போனது, மகள் அதைத் தள்ளி நின்று பார்த்தாள். சில வருடம் கழித்து இருவரும் ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, அந்த இடைவெளிக்குத் திறமை என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

சரி, உங்கள் அக்கா மகளுக்கு இப்போது என்ன செய்யலாம்?

தனியாகப் படிக்க விடாதீர்கள். பெண்கள் மாட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் அதிக நேரம் போராடுகிறார்கள். கேட்டால் தனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். அவளைப் போலவே புதிதாகத் தொடங்கிய இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து உட்காரச் சொல்லுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதை முழுதாக வாசிக்கவும், நிரல் ஓடும்போது வரி வரியாக மதிப்புகளைத் திரையில் காட்ட வைத்துப் பார்க்கவும் பழகட்டும். நான் இன்டர்வியூவில் பார்ப்பது இதைத்தான். வேகமாக எழுதுகிறவரைவிட, தவறு வந்ததும் அது எங்கே இருக்கிறது என்று நிதானமாகத் தேடுகிறவர்தான் டீமுக்கு வேண்டும். இந்தப் பழக்கம் அவளுக்கு இப்போதே வந்துகொண்டிருக்கும். அவளுக்குத்தான் அது தெரியாது.

பிறகு, அவளுக்குப் பிடித்த ஏதோ ஒரு விஷயத்துக்கு ஒரு சின்ன நிரல் எழுதட்டும். பாட்டுப் பட்டியலை அடுக்குவதாக இருக்கலாம், மழை அளவுகளை வரைபடமாக்குவதாக இருக்கலாம். மதிப்பெண்ணுக்காக இல்லாமல் தனக்காக எழுதின ஒன்று ஓடும்போது வருகிற நம்பிக்கையை யாருடைய அறிவுரையும் கொடுக்காது. ஜாங்கோ கேர்ள்ஸ், பைலேடீஸ் மாதிரிக் குழுக்கள் புதிதாகத் தொடங்கும் பெண்களுக்குப் பல நாடுகளில் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகின்றன. யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளில் பங்களிக்க ஆசைப்பட்டால் அவுட்ரீச்சி என்ற திட்டம் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் தருகிறது, வீட்டிலிருந்தே செய்யலாம்.

நீங்கள் இன்னொன்றும் செய்யலாம். துறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அவளைப் பேச வையுங்கள். பெரிய பெயர் வேண்டாம். படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர் போதும். விருது வாங்கியவரைப் பார்த்தால் மலைப்புதான் வரும். முதலாமாண்டில் தானும் இப்படித்தான் திணறினேன் என்று சொல்ல ஒருவர் கிடைத்தால் மூச்சு வரும்.

வேலைக்கு வந்த பிறகும் இதே கணக்கு தொடர்கிறது. இதை மேனேஜர்களும் லீடுகளும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரே நாளில் சேர்ந்த ஒரு பெண், ஒரு ஆண் இருவரில், மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதியவருக்கு எல்லாம் காட்டிக்கொடுப்பது, ரிலீஸ் தேதிகளைத் துரத்துவது எல்லாம் சத்தமில்லாமல் பெண்ணின் கைக்குப் போய்விடும். சிஸ்டத்தின் மையப்பகுதியை வடிவமைக்கும் வேலை அவனுக்குப் போகும். பதவி உயர்வு நேரத்தில், அவளுக்கு டிசைன் அனுபவம் போதாது என்பார்கள். கொடுத்தால்தானே வரும்! என் டீமில் யாருக்கு என்ன வேலை போகிறது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். எழுதிப் பார்க்காவிட்டால் நல்லவர்கள் நடத்தும் டீமிலும் இது நடக்கும். அவள் முன்னால் இருக்கும்போது பாராட்டுவது எளிது. அவள் இல்லாத மீட்டிங்கில் அவள் பெயரைச் சொல்லி, இதை அவளிடம் கொடுங்கள் என்று சொல்கிற ஆள்தான் அவளுக்குத் தேவை.

வேலை செய்யும் பெண்களுக்கு நான் சொல்வது, மீட்டிங்கில் உங்கள் கருத்து எடுபடாமல் போனால் அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அப்போலோ விண்கல மென்பொருளுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டன், பறக்கும்போது புறப்பாட்டுக்கு முந்தைய நிரலைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து, அதைத் தடுக்க ஒரு சோதனை சேர்க்கலாம் என்றார். விண்வெளி வீரர்கள் அப்படித் தவறு செய்ய மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடாமல் கையேட்டில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தார். 1968 டிசம்பரில் அப்போலோ 8-இல் சரியாக அதே தவறு நடந்து, வழிகாட்டித் தரவு அழிந்தது. தரையிலிருந்து திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று.

குழந்தைக்காக வேலையை விட்டவர்கள் திரும்பி வருவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒன்று மட்டும் இங்கே. 1962-இல் பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி, குழந்தைகளோடு வீட்டில் இருந்த பெண் புரோகிராமர்களைச் சேர்த்தே ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது அந்த நிறுவனத்துப் பெண்கள்தான், வீட்டிலிருந்தே. ரெஸ்யூமேயில் இரண்டு வருட இடைவெளியைப் பார்த்ததும் ஒதுக்கி வைக்கிற நிறுவனங்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். அவளுக்கு உண்மையிலேயே இந்தப் பாடம் பிடிக்கவில்லை என்றால் மாறட்டும், அதில் எந்தத் தப்பும் இல்லை. பிடிக்கவில்லையா, பயமா என்று தெரிந்துகொள்ள அவளிடம் இப்படிக் கேளுங்கள்: "வகுப்பில் இருக்கிற எல்லாரும் உன்னை மாதிரியே இப்போதுதான் தொடங்கியிருந்தால், அப்போதும் விட்டுவிட்டுப் போவாயா?" போவேன் என்றால் அவள் விருப்பப்படி விடுங்கள். மாட்டேன் என்றாலோ, பதில் சொல்லாமல் யோசித்தாலோ, இரண்டாம் பருவம் முடியும்வரை எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.