கலர் செட் கொஞ்ச நாள் அலமாரியில் இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளி நாட்களில் என் நோட்டுகளின் கடைசிப் பக்கம் முழுக்கக் கிறுக்கல்தான் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர், 'பாடத்தில் கவனமே இல்லை' என்று அந்தப் பக்கத்தைக் கிழித்து எல்லோருக்கும் காட்டினார். அதோடு விட்டுவிட்டேன். போன மாதம் ஆசையாக வாட்டர் கலர் செட் வாங்கினேன். வெள்ளைத் தாளைப் பார்த்தால் கை ஓடவில்லை. ஓவிய வகுப்பில் சேரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் கடைசிப் பக்கம். உங்கள்மேல் தப்பே இல்லை. 2009இல் பிரிட்டன் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 40 பேரைச் சலிப்பான ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கவைத்தார். அதில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டே, தாளில் அச்சிட்டிருந்த கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பினார்கள். அப்புறம் விசாரித்தால், சும்மா கேட்டவர்களைவிட அவர்களுக்கு 29 சதவீதம் அதிகமாக நினைவிருந்தது. அன்று நீங்களும் பாடத்தைக் கேட்டுக்கொண்டேதான் கிறுக்கியிருப்பீர்கள்.

வகுப்பு இப்போது வேண்டாம். அங்கேயும் ஒருவர் உங்கள் தாளைப் பார்ப்பார், திருத்துவார். பழைய பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கலர் செட்டையும் எடுத்து வையுங்கள். விலை கொடுத்து வாங்கிய தாள் என்றால் 'வீணாகிவிடுமோ' என்றே கை தயங்கும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் போதும்.

தனியாகவும் உட்காராதீர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நீளத் தாளை மூன்றாக மடியுங்கள். முதல் ஆள் மேல்மடிப்பில் தலையை வரைந்து, கழுத்துக் கோடுகள் இரண்டை மட்டும் அடுத்த மடிப்பில் துளி எட்டிப் பார்க்கும்படி இழுத்துவிட்டு, தலையை மறைத்துக் கொடுக்கவேண்டும். அடுத்தவர் உடம்பு, மூன்றாமவர் கால். பிறகு பிரியுங்கள். பாரிஸில் 1925 வாக்கில், கனவுபோல விசித்திரமாகப் படைக்க விரும்பிய சர்ரியலிசக் கவிஞர்களும் ஓவியர்களும் கூடி விளையாடிய ஆட்டம் இது. எங்கள் வீட்டில் ஒரு மின்வெட்டு இரவில், யானைத்தலை, பட்டுப்புடவை, கொக்குக்கால் என்று ஒரு உருவம் வந்தது. என் தங்கை மகன் அதற்குப் பெயர் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டினான். அதில் எது யார் வரைந்தது, யாருடைய கோடு கோணல் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருடைய கையும் பட்ட படத்தில் அந்தக் கேள்வியே எழாது.

இது நமக்குப் புதிதும் இல்லை. மார்கழியில் ஒருத்தி புள்ளி வைப்பாள், இன்னொருத்தி இழை இழுப்பாள், பிள்ளைகள் கலர்ப்பொடி போடுவார்கள். சிக்குக் கோலத்தில் இழை தவறினால் பக்கத்து வீட்டு அக்கா "இங்க வளைச்சு விடு" என்று குனிந்து காட்டுவாள். மதியத்துக்குள் சைக்கிள் ஏறி அது கலைந்துவிடும், யாரும் வருத்தப்படுவதில்லை. வாசலில் அப்படி ஓடிய கைதானே உங்களுக்கும்?

அலுவலகத்தில் மதியம் சேர்ந்து சாப்பிடும் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். இரண்டு மூன்று மாதம் கழித்தும் நிழல், நிறம் எல்லாம் முறையாகக் கற்க ஆசை இருந்தால், சரி, அப்போது வகுப்பில் சேருங்கள், கலர் செட்டைப் பிரியுங்கள்.

முதல் ஆட்டத்தில் கால் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஷூ மாட்டிவிட்டால் விரல் வரையும் வேலைகூட மிச்சம்.