செத்தவீட்டிலிருந்து ஓடுபாதைக்கு: கேள்வி பதில்

திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேலாக மெய்வல்லுநர் பயிற்சி கொடுக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த கையோடு மைதானத்துக்கு வந்து நின்ற பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான். எனக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே, கேட்டவரின் ஊர் கேள்வியின் முடிவில்.

அப்பா போய் இன்று 12ஆம் நாள். நான் 400 மீட்டர் ஓடுகிறேன். தேசிய மட்டப் போட்டிக்கு இன்னும் 9 நாள்தான். அந்தியேட்டி (31ஆம் நாள் கடன்) முடியும்வரை படி தாண்டக்கூடாது என்கிறார் பெரியப்பா. "அப்பா இருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பார்" என்கிறார் அம்மா. என்ன செய்ய? (உவர்மலை)

பிள்ளை, பெரியப்பாவோடு நீ வாதாடப் போகாதே. அதை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். துடக்கென்றால் (தீட்டென்றால்) கோயிலுக்கும் நல்ல காரியத்துக்கும் போவதில்லை, சரி. மைதானம் கோயிலுமில்லை, கல்யாண வீடுமில்லை. இதைச் சொல்லியே ஒரு பெரியவரை முன்பு சம்மதிக்க வைத்திருக்கிறேன். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகத்தானே போகிறீர்கள்? தாய்க்குக் கடன் செய்ய இராவணன் வாளை ஊன்றி ஏழு கிணறு உண்டாக்கிய இடம் அது என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். உன் போட்டி 21ஆம் நாளில் வருகிறது. ஓடிவிட்டு வந்தும் கன்னியாவில் நிற்கலாம். ஒன்று மற்றதை மறிக்கவில்லை.

இனி உன் பக்கம். யாரும் இந்நேரம் சச்சின் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1999 உலகக் கிண்ணத்தின் நடுவில் அப்பா இறந்தார், நாலாம் நாள் பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 அடித்தார், வானத்தைப் பார்த்தார். எல்லாம் உண்மை. ஆனால் இடையில் அவர் வீட்டுக்குப் போனார். சிம்பாப்வேயுடனான ஆட்டத்தில் அவர் இல்லை, இந்தியா 3 ஓட்டத்தால் தோற்றது. சதத்தைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். முகமது சிராஜ் வேறு மாதிரி. 2020 நவம்பரில் அவர் அவுஸ்திரேலியாவில் இருந்தபோது ஹைதராபாத்தில் தகப்பன் இறந்தார். திரும்பிப் போகலாம் என்றும் சொன்னார்கள். அவர் தங்கினார், அந்த டெஸ்ட் தொடரில் 13 விக்கெட் எடுத்தார், ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேரே கபுறடிக்குப் போனார். இரண்டு பேரில் யார் தகப்பனில் கூடப் பாசம் வைத்தவர் என்று யாரால் சொல்ல முடியும்?

போட்டிக்கு நாலு நாளுக்கு முன் மக்கெய்சர் அரங்குக்கு வா. வழமைபோல உடம்பைச் சூடாக்கிவிட்டு இரண்டு தரம் 150 மீட்டர் ஓடு. முடிந்த பிறகு அழுகை வந்தால் வரட்டும், அது பிரச்சினையில்லை. ஓடும்போதே கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் போனால் இந்த முறை வேண்டாம். அஞ்சலோட்டத்திலும் பெயர் கொடுத்திருந்தால், மேலதிகமாக ஒருத்தியின் பெயரையும் இப்போதே போடச் சொல். நீ கடைசி நிமிடத்தில் விலகினாலும் மற்ற மூன்று பேரின் ஓட்டம் நிற்காது.

மகன் கொழும்பில் பயிற்சி முகாமில் நிற்கிறான். அவனை வளர்த்த அம்மம்மா கடைசிக் கட்டத்தில். போட்டி நேரத்தில் ஏதும் நடந்தால் மறைக்கலாமா? (சல்லி)

2023 மகளிர் உதைபந்து உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்கு வெற்றிக் கோல் அடித்தவர் ஒல்கா கார்மோனா. தகப்பன் இறந்த செய்தியை ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அது அந்தக் குடும்பத்தின் முடிவு. எங்கள் ஊரில் அப்படி மறைக்க முடியுமா? உயிர் போய் அரை மணித்தியாலத்தில் கண்ணீர் அஞ்சலிப் படம் வட்ஸ்அப்பில் சுற்றும். நீங்கள் சொல்லாததை எங்கேயோ இருக்கிற மச்சான் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அனுப்பிவிடுவான்.

இதில் நான் நடுநிலையானவன் இல்லை. என் இருபத்திரண்டாவது வயதில், ஓட்டம் முடிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, அணியோடு வந்த ஒருவர் "அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், வெளிக்கிடு" என்றார். அதற்கு முதல்நாள் மத்தியானமே அவருக்குச் செய்தி தெரியும். நான் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தகரத்தை இறக்கிக்கொண்டிருந்த பெடியன் என்னைக் கண்டதும் அதைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு எனக்கு இரண்டாமிடம். அந்தப் பதக்கம் எங்கே கிடக்கிறதென்றுகூடத் தெரியாது.

ஆகவே மகனிடமே இப்போது கேளுங்கள்: "ஏதும் நடந்தால் உடனே சொல்லவா, ஓட்டம் முடியச் சொல்லவா?" அவன் சொல்வதைச் செய்யுங்கள். யார் சொல்வது என்பதையும் தீர்மானித்து வையுங்கள். ஒருவர் மட்டும், அவனுக்குப் பிடித்தவராக இருந்தால் நல்லது.

தமையனைக் கடலில் இழந்த மாணவி. முன்பை விட இரண்டு மடங்கு பயிற்சி செய்கிறாள், நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை. நல்லதுதானே? (ஆசிரியர், மூதூர்)

ஒரு மாதத்துக்கு நல்லதுபோலத் தெரியும், சேர். என்னிடமும் ஒருத்தி இருந்தாள். 400 மீட்டரில் முதல் 200ஐ வழமையாக 27 செக்கனில் கடப்பவள் 25 சொச்சத்தில் போனாள். 300இல் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டது, கடைசி 60 மீட்டரும் நடை மாதிரி. துக்கத்தில் இருப்பவர்களுக்கு வேகத்தின் அளவு தெரியாமல் போவதை நான் பல தரம் கண்டிருக்கிறேன். களைப்பு உடம்பில் இருக்கும், தலைக்கு அது போய்ச் சேராது.

ஓடாதே என்று சொல்லாதீர்கள். அவளுக்கு வீட்டை விட மைதானத்தில்தான் மூச்சு வருகிறது போல. அளவை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கண் மூடினாள், காலையில் எழும்பியதும் நாடி எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நாடி வழமையை விட எட்டுப் பத்துக் கூடி நின்றால் அன்று மெதுவோட்டம் மட்டும். பாரம் தூக்குவதைக் கொஞ்ச நாளைக்கு அரைவாசியாக்குங்கள், நித்திரை இல்லாத உடம்பில் தசை கிழிய அதிக நேரம் எடுக்காது. அப்புறம், சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அதைக் கேட்க அந்த வீட்டில் இப்போது ஆள் இருக்காது.

வாப்பா மௌத்தாகி மூன்று மாதம். கோல் அடித்தால் வாப்பாவுக்கென்று சொல்லு என்கிறார்கள் கூட விளையாடுகிறவர்கள். எனக்கு அழுகையே வரவில்லை. விளையாடும்போது சில நேரம் சிரிக்கிறேன், பிறகு வெட்கமாக இருக்கிறது. (கிண்ணியா)

தம்பி, சிரி. துக்கம் படிப்படியாக, ஐந்து கட்டமாக வரும் என்று எங்கேயாவது வாசித்திருப்பாய். எலிசபெத் கூப்லர் ரோஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து. மிஞ்சியிருப்பவர்களுக்கான கால அட்டவணையாக அது பிறகுதான் ஆகிவிட்டது. துக்கம் இறால் வள்ளம் மாதிரி, ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் சாயும். இழப்புக்குள் போவதும் வெளியே வந்து வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடப்பதுதான் இயல்பு என்று ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள்.

கோல் விசயத்தில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. வாப்பாவுக்கென்று நேர்ந்துகொண்டு இறங்காதே. பந்து வெளியே போனால் என்ன செய்வாய்? அமெரிக்கப் பனித்தள வேகச்சறுக்கு வீரர் டான் ஜான்சனின் சகோதரி ஜேன் 1988 கல்கரி ஒலிம்பிக்கில் அவர் ஓடவிருந்த நாளன்று காலை இறந்தார். அன்று 500 மீட்டரில் ஜான்சன் விழுந்தார். சில நாளில் 1000 மீட்டர், அதிலும் விழுந்தார். தங்கம் கிடைத்தது 1994இல். அந்த ஆறு வருடமும் அவருக்கு அக்காவில் பாசம் குறைவாகவா இருந்தது?

நித்திரைக்கு டொக்டர் குளிசை தந்தார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிடிபடுமா? (உப்புவெளி)

அது குளிசையின் பெயரையும் உங்கள் விளையாட்டையும் பொறுத்தது. படபடப்புக்குக் கொடுக்கும் பீட்டா பிளொக்கர் ஓட்டக்காரருக்குத் தடையில்லை, வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் தடை. போட்டியாளர் என்று டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மருந்துத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தரும் குளிசையைத் தொடவே வேண்டாம்.

எங்கள் அணிப் பையனின் அம்மா நேற்று இறந்தார். செத்தவீட்டில் என்ன கதைப்பது? (சாம்பல்தீவு)

ஒன்றும் கதைக்க வேண்டாம். பந்தலுக்குக் கதிரை இறக்குங்கள், தேத்தண்ணித் தட்டைத் தூக்குங்கள். "உனக்காகக் கப் எடுப்போம்" என்று யாராவது வாயைத் திறந்தால் காலை மிதியுங்கள். எட்டுச்செலவு முடிய ஒருவன் மட்டும் போய், "செவ்வாய் நாலரைக்கு நிற்போம், வந்தால் வா" என்று சொன்னால் போதும். அவனுடைய பூட்ஸ் மைதானத்தில் கிடக்குமென்றால் மண்ணைத் தட்டிக் கொண்டுபோய் விறாந்தை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள்.