சின்னாறு முதல் கடமக்குடி வரை: பறவை பார்க்கப் போகிறவர்களுக்குப் பதில்கள்

மறையூரிலிருந்து எழுதுகிறேன். உடுமலையில் கிளம்பி மலை ஏறி, கொச்சிக் கடலோரம் வரை போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, நாலு நாள்தான் லீவு. எப்படிப் பிரிச்சுக்கலாம்?

முதல் ராத்திரி மறையூர். மறுநாள் காலை இரவிகுளம் தேசியப் பூங்கா பார்த்துவிட்டு மூணாறு, அடிமாலி வழியாக இறங்கித் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் இரண்டு ராத்திரி. கடைசி நாள் கொச்சியை ஒட்டிய கடமக்குடித் தீவுகள். மூணாறில் அறை எடுத்து ஒரு நாளை அங்கேயே கரைக்காதீர்கள். தென்மேற்கு மழையை ஆனைமலை தடுத்துவிடுவதால் சின்னாறு முள்ளுக்காடு, ஒரு மணி நேரம் ஏறினால் சோலை எனப்படும் குட்டை மலைக்காடும் புல்வெளியும், இறங்கினால் ஈரக்காடு. காடு மாற மாறப் பறவையும் மாறும்.

சின்னாறில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாமா?

நடுக்காட்டுச் சாலையில் இறங்காதீர்கள், யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை வழிகாட்டியோடு காலையிலேயே நடந்து போங்கள். பாறையும் முட்புதரும் சேர்ந்த சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடுங்கள். தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. இருட்டுவதற்குள் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும்.

பிப்ரவரியில் வரலாமா?

வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளத்தை வழக்கமாக மூடிவிடுவார்கள். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையைப் புல்வெளியில் பார்க்க ஆசையிருந்தால் டிசம்பர் அல்லது ஜனவரியில் வாருங்கள். பிப்ரவரிதான் தோது என்றால், தேயிலைத் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் ஓரங்களில் நில்லுங்கள். பழனிச் சிரிப்பானும் நீலகிரி ஈப்பிடிப்பானும் அங்கேயே வரும்.

தட்டேக்காட்டுக்கு எதற்கு ரெண்டு நாள்? அவ்வளவு சின்ன இடம்தானே?

பரப்பு 25 சதுர கிலோமீட்டர்தான். 1933-ல் திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த பறவையியலாளர் சாலிம் அலி இந்தக் காட்டின் அருமையைக் கண்டு சொன்னார். சரணாலயமானது 1983-ல், அதுவும் அவர் பெயரிலேயே.

தவளைவாயன் என்ற இரவுப் பறவை ஒன்றுக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். நான் முதன்முதலில் பார்த்தபோது வழிகாட்டி கை நீட்டிய இடத்தில் கொடிப் பின்னலும் காய்ந்த இலையும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் நின்ற பிறகு, இரண்டு இலைகளுக்கு மீசைமயிர் இருப்பது தெரிந்தது. ஒன்று சாம்பல் நிற ஆண், ஒட்டி உட்கார்ந்திருந்தது செம்பழுப்புப் பெண். எங்களைக் கண்டதும் பறக்கவில்லை. அலகை மெல்ல மெல்ல மேலே தூக்கி, கண்ணைக் கோடாகச் சுருக்கி, ஒடிந்த கிளைபோல ஆகிவிட்டது ஆண். அப்படி அலகு உயர்ந்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்; பின்வாங்குங்கள். ஒரே ஒரு முட்டைதான் இடும், பகலில் அடைகாப்பது ஆண். அது எழுந்தோடினால் முட்டைக்குக் காவல் இல்லை.

போனில் பதிவான குரலைப் போட்டால் தீக்காக்கை (ட்ரோகன்) வருமாமே?

வரும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று பதறி வரும். இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிற பறவையைப் படம் பிடித்து என்ன சந்தோஷம்? தயவுசெய்து வேண்டாம். மூங்கிலோரம் சும்மா அரைமணி உட்காருங்கள்.

எந்த பைனாகுலர்? காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது?

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை) போதும். மழைக்காலமானால் அட்டை உறை போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, அதிகம் நடக்க முடியாது. கூட்டி வரலாமா?

கட்டாயம் கூட்டி வாருங்கள். கடமக்குடி அவருக்கென்றே அமைந்த இடம். மழைக்காலத்தில் உப்புநீரைத் தாங்கும் பொக்காளி நெல், அறுவடைக்குப் பிறகு அதே வயலில் இறால். இறாலுக்காக நீரை ஏற்றி வடிக்கும்போது சேறு வெளிப்படும். அங்கே உள்ளானும் உப்புக்கொத்தியும் ஓடி ஓடிக் கொத்தும், மீசை ஆலா நீர்மேல் தாழப் பறக்கும். கிளம்புமுன் கடல் வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிய நேரத்தில் போனால் உள்ளான் சிதறிப்போயிருக்கும். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு முன்பே வரப்புச் சாலை ஓரத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி அம்மாவை உட்கார வையுங்கள்.