இடைக்கால ஐரோப்பிய வீரர்களைக் கவசத்தோடு குதிரைமேல் ஏற்றக் கிரேன் வைத்துத் தூக்கினார்களாமே, கீழே விழுந்தால் எழவே முடியாதாமே, உண்மையா?

இரண்டுமே உண்மையில்லை.

ஏதோ ஒரு படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் வீட்டில் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். 1944இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில், கவசம் போட்ட வீரனைக் கயிற்றில் தொங்கவிட்டுக் குதிரைமேல் இறக்கும் காட்சி இருக்கிறது. அந்தக் காட்சியைப் பார்த்தே நம்பிக்கொண்டிருப்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு.

நான் வேலைக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏழு வருடம் இருந்தேன். பழைய போர்முறைகளைச் செய்துகாட்டும் குழு ஒன்றில் சனி, ஞாயிறுகளில் சேர்ந்துகொண்டேன். ஜவுஸ்டிங், அதாவது இரண்டு பேர் எதிரெதிரே குதிரையில் பாய்ந்துவந்து ஈட்டியால் மோதுகிற போட்டி, அதை நான் ஓட்டியதில்லை. 'நீ குதிரை ஏறியிருக்கிறாயா' என்று யாராவது கீழே வந்து கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். என் வேலை தரையில். கவசம் பூட்டிவிடுவது, ஈட்டி எடுத்துக்கொடுப்பது, உடைந்து சிதறிய சிம்புகளைக் குதிரை மிதிப்பதற்குள் பொறுக்குவது. வாள்சண்டைக்கு மட்டும் நானே கவசம் போட்டு இறங்கியிருக்கிறேன்.

எங்கள் அப்பா கோவில்பட்டியில் டிரங்குப் பெட்டிப் பட்டறை வைத்திருந்தவர். தகடு அடிக்கிற சத்தத்தில் வளர்ந்தவன் நான். 'ஆளை இரும்பு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்' என்று யாராவது பேசினால், அதை அடித்த கைகளைக் கேவலப்படுத்துவதாகத்தான் எனக்குப் படும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கவசத்தைக் காலிலிருந்து மேல்நோக்கிப் பூட்டுவார்கள். பாதம், முழங்கால், தொடை, பிறகு மார்பும் முதுகும், அதற்கப்புறம் கைகள். தலைக்கவசமும் கைக்கவசமும் கடைசி. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான சட்டை ஒன்று உண்டு. தொடைக்கவசம் அந்தச் சட்டையின் இடுப்பில் நாடாவால் தொங்கும். அங்கே இறுக்கிக் கட்டவில்லையென்றால் பாரமெல்லாம் தோளுக்கு ஏறிவிடும், அரைமணி நேரத்தில் ஆள் துவண்டுபோவான். சரியாகக் கட்டினால் உடம்பு முழுக்கப் பாரம் பரவிக்கிடக்கும். நான் போட்டது 27 கிலோ. அந்தக் காலத்துப் போர்க்களக் கவசமும் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோதான். மூட்டை ஒன்றை முதுகில் சுமப்பதோடு அதை ஒப்பிடவே கூடாது.

போட்ட முதல் நாளே ஈரப்புல்லில் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். ஒருக்களித்துப் புரண்டு, ஒரு முழங்காலை ஊன்றி, கையை அழுத்தி எழுந்தேன். யாரும் தூக்கவில்லை, யாருக்கும் தூக்கத் தோன்றவும் இல்லை. இது ஒரு ஆளின் அனுபவம், ஆதாரமாகாது என்பீர்கள். சரி. 1400 வாக்கில் பிரான்ஸில் பூசிகோ என்ற பெரிய தளபதி இருந்தார். கவசத்தோடு குட்டிக்கரணம் போடுவதும், ஏணியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக் கையாலேயே தொங்கி ஏறுவதும் அவர் செய்த பயிற்சிகள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

களைப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்குக் கவசம் மாட்டி ஓடுபொறியில், அதாவது டிரெட்மில்லில், நடக்கவிட்டு அளந்தார்கள். கவசமில்லாமல் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவானது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும் அல்லவா, அதுதான் முக்கியக் காரணம். சீக்கிரம் மூச்சு வாங்கும். அதற்காக எழ முடியாது என்று ஆகிவிடாது.

அந்த நாட்களில் ஒருநாள் வீடியோ காலில் அப்பாவிடம் என் முழங்கால் தகட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "எலே, மடக்கிக் காட்டு" என்றார். மடக்கினேன். "பாத்தியா, ரிவிட்ட இறுக்காம விட்டிருக்கான். தகடு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி எறங்குது. நல்ல வேலக்காரன் செஞ்சது இது" என்றார். அது பழைய கவசத்தைப் பார்த்துச் செய்த நகல்தான். ஆனால் அந்த மூட்டு வேலை 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மிலனிலும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலும் கைவந்திருந்தது. அடி விழுகிற மார்பில் தகடு தடிமன், முதுகிலும் கைகால்களிலும் மெலிசு. எங்கே கனம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிந்து அடித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட அப்பா பட்டறைக்கு ஒரு வெட்டு மெஷின் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். நாற்பது வருடம் தகடு அடித்த ஆள். மூன்று முறை அலையவிட்டு இல்லை என்று அனுப்பினார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த மெஷின் கடைசிவரை வரவேயில்லை.

கேள்விக்கு வருகிறேன். உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றால், அது ஜவுஸ்டிங் கவசத்தில்தான். அது போர்க்களத்துக்கு உரியதல்ல, போட்டிக்கென்றே தனியாகச் செய்தது. 40 கிலோவைத் தாண்டும். ஓடவோ வாள் வீசவோ வேண்டியதில்லை, சேணத்தில் உட்கார்ந்து அடியை வாங்கினால் போதும். 15ஆம் நூற்றாண்டில் குதிரைகள் மோதிக்கொள்ளாமலிருக்க நடுவே நீளத் தடுப்பு வைக்கும் வழக்கம் பரவியது. இருவரும் இடப்பக்கம் எதிராளிக்கு வரும்படி கடப்பார்கள். அதனால் இடது தோளுக்கும் இடது முழங்கைக்கும் கூடுதல் தகடு. தலைக்கவசத்தை மார்புக்கவசத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், தலை திரும்பாது. கண்ணுக்கு இருப்பது ஒரே கீற்று. முன்னால் குனிந்தால்தான் பாதை தெரியும். மோதும் நொடியில் நிமிர்ந்துவிட வேண்டும், அப்போது எதுவும் தெரியாது, ஆனால் சிம்பும் உள்ளே நுழையாது.

இவ்வளவு எதற்கு என்றால், பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் மான்ட்கோமரி என்பவரோடு மோதினார். உடைந்த ஈட்டியின் சிம்பு தலைக்கவசத்தின் முகத்திரை வழியே உள்ளே போய்விட்டது. அந்தக் காலத்தின் பெரிய மருத்துவர்கள் அம்புரோஸ் பாரேயும் வெசாலியஸும் வந்து பார்த்தார்கள். பத்து நாள் கிடந்து ஜூலை 10 அன்று இறந்தார். வயது 40.

எங்கள் களத்தில் ஈட்டியின் முனைக்கு மட்டும் பால்சா மரம் வைப்போம், பட்டதும் நொறுங்கிவிடும். குதிரை ஏற மரப்படி போடுவோம். ஆளால் ஏற முடியாது என்பதற்காக இல்லை. ஒரு பக்கமாக அவ்வளவு பாரமும் தொங்கினால் குதிரையின் முதுகு வலிக்கும்.

யாராவது விழுந்தால் இரண்டு பேர் ஓடுவோம். அதைப் பார்க்கிறவர்கள் தூக்கிவிடத்தான் ஓடுகிறோம் என்று நினைப்பார்கள். ஒருவர் நேராகக் குதிரையைப் பிடிக்கப் போவார், அது மிரண்டு திரும்பி வந்து மிதித்துவிடக் கூடாது. இன்னொருவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பெயரைக் கேட்பார். பதில் வந்த பிறகுதான் கை கொடுப்போம்.